பெயரை எடுத்துவிடுங்கள்

சின்னவள் வந்து சேர்ந்தபோது பெரியவள் கடையில் ஒரு கிழவருக்கு ரத்த அழுத்த மாத்திரை வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோலை அட்டைக்குள் பாதி விட்டவள் நிமிர்ந்து பார்த்தாள். மருந்துக்கடையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, உச்சி வெயிலில், தங்கை நின்றிருந்தாள். ஒரு கையில் பை, இன்னொரு கையில் மகள். இரண்டு கையும் நிறைந்திருப்பதால்தான் கதவைத் தள்ளவில்லை என்று பெரியவள் நினைத்தாள். வெளியே போய்ப் பையை வாங்கியபோதுதான் தெரிந்தது, அந்தக் கை தோளிலிருந்தே எழவில்லை.

“எப்ப?” என்றாள் பெரியவள்.

“முந்தாநாள்.”

“டாக்டர்கிட்ட போனியா?”

“போகல. அவரே இழுத்து சரி பண்ணிட்டார்.”

கடைக்குப் பின்னால் மருந்துப் பெட்டிகள் அடுக்கும் அறை ஒன்று உண்டு. அங்கே இருவரையும் உட்கார வைத்தாள். குழந்தை, இருமல் மருந்துப் பெட்டி ஒன்றின் மேல் ஏறிக் காலை ஆட்டத் தொடங்கியது. வீட்டில் அதற்கு வாலு என்று பெயர். பெயருக்கேற்ற சேட்டை எதையும் அன்று காணோம்.

“போன் எங்கடி? மூணு தடவை அடிச்சேன், எடுக்கவே இல்ல.”

“பஸ்ல இருக்கு.”

“தொலைச்சிட்டியா?”

“இல்லக்கா. சீட்டுக்கு அடியில செருகி வெச்சிட்டு எறங்கிட்டேன். அந்த பஸ் வேற பக்கமா போகுது. இந்நேரம் அவர் அதுக்குப் பின்னாடி போய்க்கிட்டு இருப்பார்.”

பெரியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தங்கை சிரிக்கவில்லை என்று கண்டதும் அது வந்த வழியே உள்ளே போனது.

சின்னவள் புருஷன் வண்டி இன்சூரன்ஸில் வேலை பார்ப்பவன். மோதிய காரைச் சுற்றி ஒரு தடவை நடந்துவிட்டு, எந்த நசுங்கல் பழையது, எது நேற்று விழுந்தது என்று சொல்லிவிடுவான். கத்திப் பேசி யாரும் கேட்டதில்லை. கல்யாணமான புதிதில் சொந்தக்காரர்கள் எல்லோரும் தங்கமான பிள்ளை என்றார்கள். மனைவியின் போனில் அவன் ஏதோ ஒன்றைப் போட்டு வைத்திருந்தான். அவள் காய்கறிக் கடையில் நிற்கிறாளா, அடுத்த வீட்டில் நிற்கிறாளா என்பது அவனுக்கு ஆபீஸில் உட்கார்ந்தபடியே தெரியும். எங்கேயாவது கொஞ்சம் அதிகம் நின்றுவிட்டால் மாலையில் வந்து ஏன் என்று கேட்பான். பதில் பிடிக்காவிட்டால் கையை வைப்பான். வெளியே தெரியாத இடமாகப் பார்த்து வைப்பான். அது அவன் தொழிலறிவு.

தன் வீட்டில் அவளை வைத்துக்கொள்ள முடியாது என்று பெரியவளுக்கு உடனே புரிந்தது. அவன் முதலில் வந்து நிற்கப்போவது அங்கேதான். கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவள் அவள். அவளுக்கு இருக்கும் ஒரே உறவு இந்தத் தங்கைதான் என்பது ஊருக்கே தெரியும். யோசித்துப் பார்த்ததில் மெத்தைக்கடைக்காரர் நினைவுக்கு வந்தார். சர்க்கரை நோயாளி, மாதம் தவறாமல் ஊசி மருந்து வாங்க வருபவர். அவருடைய பஞ்சு குடோனுக்கு மேலே ஓர் அறை சும்மா கிடந்தது.

“யாருக்கும்மா?” என்று கேட்டார்.

“வேண்டியவங்களுக்கு.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். “பின்பக்கமா இரும்புப் படி இருக்கு. அதுல ஏறிக்கலாம். கடை வழியா வர வேண்டாம்” என்று சொல்லிச் சாவியை எடுத்துக் கொடுத்தார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எதிர்பார்த்தபடியே அவன் பெரியவள் வீட்டுக்கு வந்தான். கல்யாணமான நாளிலிருந்து அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவான். உட்கார்ந்தான். தண்ணீர் கேட்டான். குடித்து முடித்ததும் தம்ளர் வைத்த இடத்தில் வட்டமாக நின்ற ஈரத்தைக் கைக்குட்டையால் துடைத்தான்.

“அவளுக்கு மனசு சரியில்ல அண்ணி. கொழந்தைய வேற கூட்டிக்கிட்டுப் போயிட்டா. உங்ககிட்ட பேசினா, நான் கோவமா இல்லன்னு மட்டும் சொல்லுங்க.”

“பேசினா சொல்றேன் மாப்பிள்ளை” என்றாள் பெரியவள். அவன் போன பிறகு வெகுநேரம் அந்த மேஜையைத் தொடவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

அறை சின்னதுதான். ஒரு ஜன்னல், ஒரு குழாய், ஒரு கட்டில். கட்டிலில் மட்டும் குறை வைக்கவில்லை மெத்தைக்கடைக்காரர். கடையிலேயே நல்ல மெத்தையாகப் பார்த்துத் தூக்கிப் போட்டுவிட்டார். கீழே தலையணை உறை தைக்கும் வேலையையும் சின்னவளுக்குக் கொடுத்தார். தோள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. பயம்தான் தேறவில்லை. ஜன்னலைத் திறக்க மாட்டாள். பெரியவள் தன் பேரில் பட்டன் போன் ஒன்று வாங்கிக் கொடுத்தாள். அதையும் ஒரு துணியில் சுற்றிப் பாத்திரத்துக்குள் வைத்து மூடினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சின்னவள் சொன்னாள்: “அக்கா, உன் போன்ல என் பேரப் போட்டுத் தேடிப் பாரேன்.”

“உன் பேரா? நீ என்ன மந்திரியா?”

“போடு சொல்றேன்.”

போட்டாள். சொன்னால் நம்பமாட்டீர்கள், முதல் வரியிலேயே வந்துவிட்டாள் சின்னவள். ஆட்களைக் கண்டுபிடித்துத் தரும் கம்பெனி ஒன்றின் பக்கம் அது. முழுப் பெயர், வயது, பழைய போன் நம்பர், கல்யாணத்துக்கு முன் இருந்த வீடு, பின் இருந்த வீடு. கீழே ‘தொடர்புடையவர்கள்’ என்று ஒரு தலைப்பு. அதில் பெரியவளின் பெயர், அவள் தெருவின் பெயர். அடுத்த பக்கத்தில் இன்னொரு கம்பெனி. அதற்கடுத்து இன்னொன்று.

“இதையெல்லாம் நான் யாருக்குக் குடுத்தேன்?” என்றாள் சின்னவள். “நான் யார்கிட்டயும் சொல்லலியே.”

நாள் முழுக்கக் கவுண்டரில் நின்று பெரியவள் ஒவ்வொருவரிடமும் கேட்கும் முதல் கேள்வியே “நம்பர் சொல்லுங்க” என்பதுதான். புள்ளி சேரும், அடுத்த தடவை தள்ளுபடி கிடைக்கும் என்று சொன்னால் போதும். ஜனங்கள் நம்பரோடு பிறந்த தேதியையும் சொல்லிவிட்டுப் போவார்கள். அதெல்லாம் சாயங்காலம் கணினியிலிருந்து எங்கே போகிறது என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

அன்றிலிருந்து பெரியவள் அந்த வேலையைத் தலைமேல் போட்டுக்கொண்டாள். பாதியில் விடுகிற ரகம் இல்லை அவள். கடையில் மருந்துப் பெட்டி ஒன்று தலைகீழாக இருந்தால் திருப்பி வைக்காமல் சாப்பிடப் போகமாட்டாள். மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் பின் அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு கம்பெனியாகத் தேடிப் பிடித்தாள். தங்கையின் பெயரை எடுத்துவிடுங்கள், அவள் எங்கே போகிறாள் வருகிறாள் என்று பார்ப்பதை நிறுத்துங்கள் என்று கேட்டாள்.

கேட்ட உடனே எடுத்துவிட அவர்கள் என்ன மாமன் மச்சானா? ‘சம்மதம்’ என்ற பொத்தான் பச்சையாக, உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும். ‘வேண்டாம்’ என்பதை எறும்பு எழுதினாற்போல ஓர் ஓரத்தில் எழுதியிருப்பார்கள். அதை அழுத்தினால் ஏன் வேண்டாம் என்று கேட்கும். காரணம் சொன்னால், நிஜமாகவே வேண்டாமா என்று மறுபடி கேட்கும். ஒரு கம்பெனியில் அழுகிற முகம் ஒன்று வந்து, நீங்கள் போவது எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது என்றது. “அழு, நல்லா அழு” என்றாள் பெரியவள். இன்னொரு கம்பெனி, நீங்கள் மனிதர்தான் என்று நிரூபியுங்கள் என்று படங்களைக் காட்டி, பாலம் இருக்கிற படமாகப் பொறுக்கச் சொன்னது. பொறுக்கினாள். தவறு என்றது. “பாலத்துல பாதி தெரிஞ்சா அது பாலமா இல்லையா?” என்று மருந்து வாங்க வந்தவரிடமே நியாயம் கேட்டாள்.

ஒரு கம்பெனிக்குப் போனில் பேச வேண்டியிருந்தது. எடுத்த பெண் சின்னப் பிள்ளை; எழுதி வைத்ததைப் படிக்கிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது.

“சம்பந்தப்பட்டவங்களே பேசணும் மேடம்.”

“அவளால பேச முடியாதும்மா. அவ இருக்கிற எடம் யாருக்கும் தெரியக்கூடாது. அதுக்குத்தானே கேக்கறேன்.”

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி, “நீங்களே அவங்கன்னு சொல்லிடுங்க மேடம். நான் பதிஞ்சிக்கறேன்” என்றாள்.

“நான்தான் அவ” என்றாள் பெரியவள்.

கடைசியாக மிஞ்சியது முதல் வரியில் வந்த கம்பெனிதான். எல்லாவற்றிலும் பெரியது அது. சரியான ஆளைத்தான் நீக்குகிறோமா என்று உறுதி செய்ய, தற்போதைய முகவரி வேண்டும் என்றது. அந்த முகவரிக்குத் தபாலில் ஓர் எண் வரும். அதைத் திருப்பிச் சொன்னால்தான் பெயரை எடுப்பார்களாம். உங்கள் விவரம் இதைத் தவிர வேறெதற்கும் பயன்படுத்தப்படாது என்று கீழே எழுதியிருந்தது.

பெரியவள் யோசித்தாள். தன் வீட்டு முகவரியைப் போட்டுப் பார்த்தாள். அது ஏற்கெனவே இன்னொருவருடைய பெயரில் இருக்கிறது என்று தள்ளிவிட்டது. அன்று மாலை இரும்புப் படியேறிப் போய் தங்கையிடம் கேட்டாள்.

“நீ என்னக்கா சொல்ற?”

“இது ஒண்ணுதான்டி பாக்கி. இதுவும் போயிட்டா உன்னை எங்கயும் தேட முடியாது.”

“நீ சொன்னா சரி” என்றாள் சின்னவள். சிறுவயதிலிருந்தே அவள் அப்படித்தான். அக்கா சொன்னால் சரி.

தபால்காரர் தவறுதலாகக் கடையில் போட்டுவிடக் கூடாதே என்று, மெத்தைக்கடை முகவரிக்குப் பக்கத்தில் ‘பின்பக்க இரும்புப் படி, மேல் அறை’ என்று சேர்த்து எழுதினாள் பெரியவள். தபால் வந்தது. எண்ணைச் சொன்னாள். தங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது என்று பதில் வந்தது. கொஞ்ச நாள் கழித்துத் தேடிப் பார்த்தால், சின்னவள் பெயரில் வேறு ஊர் நடன ஆசிரியை ஒருத்தியும், என்றோ செத்துப்போன ஒரு கிழவியும்தான் வந்தார்கள்.

“நான் செத்துட்டேன்” என்று சொல்லிச் சின்னவள் சிரித்தாள். வந்ததிலிருந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. வாலு, அம்மா எதற்குச் சிரிக்கிறாள் என்று தெரியாமலே கூடச் சேர்ந்து மெத்தையில் குதித்தது. மெத்தைக்கடைக்காரர் கீழேயிருந்து, “மெத்தை தாங்கும், தரை தாங்காதும்மா!” என்று குரல் கொடுத்தார்.

அதன் பிறகு ஜன்னல் திறந்தது. குழந்தையைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். சாயங்காலம் அம்மாவும் மகளும் தெருமுனைப் பூங்கா வரை நடந்து போய்வந்தார்கள். சின்னவள் தலையணை உறைகளில் மூலைக்கு ஒரு பூ தைக்கத் தொடங்கினாள். யாரும் கேட்கவில்லை, அவளாகத்தான். வாடிக்கைக்காரர்கள் அந்தப் பூ வைத்ததாகக் கேட்டு வாங்குகிறார்கள் என்று மெத்தைக்கடைக்காரர் பெருமையாகச் சொன்னார். பெரியவள் அந்த நாட்களில் கடையில் பாட்டு முணுமுணுத்தாள். சாதித்துவிட்டோம் என்ற நினைப்பு அவளுக்கு.

மழைக்காலம் தொடங்கியிருந்தது. ஒருநாள் மதியம், குனிந்து பில் போட்டுக்கொண்டிருந்தவள் முன்னால் யாரோ ஒரு வலித் தைலத்தை வைத்தார்கள். வாய் பழக்கத்தில் கேட்டது: “நம்பர் சொல்லுங்க.”

நம்பர் நிதானமாக வந்தது. பாதி அடிக்கும்போதே விரல் நின்றுவிட்டது.

“தோள் வலி எப்படி இருக்கு அவளுக்கு?” என்றான் சின்னவள் புருஷன். “இது நல்லா கேக்கும்னு சொன்னாங்க.”

பெரியவள் பில்லைப் பார்த்தபடியே கேட்டாள்: “யாருக்கு?”

“எதுக்கு அண்ணி? நாமெல்லாம் படிச்சவங்க.” அவன் போனை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தான். தெரியாத கம்பெனி ஒன்றின் பெயர் மேலே இருந்தது. கீழே தங்கையின் பெயர், மெத்தைக்கடையின் முகவரி. அதற்கும் கீழே, ‘பின்பக்க இரும்புப் படி, மேல் அறை.’

அந்த வரியை அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். உலகத்தில் அதை எழுதியது அவள் ஒருத்திதான். மெத்தைக்கடைக்காரரின் வீட்டுப் பத்திரத்தில்கூட அப்படி இருக்காது.

“யார்கிட்டயும் நான் கெஞ்சல, யாரையும் மிரட்டல” என்றான் அவன். “கடையில விக்கிறாங்க, வாங்கினேன். நீங்க மாத்திரை விக்கிற மாதிரிதான்.” தைலத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். “வாலு வளந்துட்டா. பள்ளிக்கூடம் விட்டு வர்றப்ப பாத்தேன். செருப்பு பத்தல அவளுக்கு.”

கதவைத் திறந்து போகும்போது, உள்ளே வந்த ஒரு கர்ப்பிணிக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனான்.

பெரியவள் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடினாள். இரும்புப் படியின் கடைசிப் படியில் ஒரு ஜோடிச் செருப்பு இருந்தது. சிவப்பு, குழந்தைச் செருப்பு, புதுசு. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டி, பெயர் சொல்லி, மறுபடி தட்டி, “நான்தான்டி, அக்கா” என்று கத்திய பிறகே திறந்தது. சின்னவள் கட்டிலை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தாள்.

“யாருக்கா சொன்னது?” என்றாள். “மெத்தைக்கடை அண்ணனா?”

சொல்லாமல் விட்டிருக்கலாம். பாவம், மெத்தைக்கடைக்காரர்மேல் பழி போயிருக்கும். பெரியவள் சொன்னாள். அந்த வரியையும் சொன்னாள். சின்னவள் திட்டவில்லை, அழவில்லை. நீ சொன்னா சரி என்று தலையாட்டுவாளே, அதே மாதிரி தலையாட்டினாள். பெரியவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

காவல் நிலையத்தில் எழுத்தர் செருப்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“பெத்த அப்பன் பொண்ணுக்குச் செருப்பு வாங்கி வெச்சது குத்தமாம்மா? தெருவுல நின்னதுக்கெல்லாம் நான் கேஸ் எழுத முடியாது. கை வெச்சா வாங்க.”

அந்தப் பெரிய கம்பெனிக்குப் பெரியவள் எழுதினாள். பதில் உடனே வந்தது. தங்கள் வேண்டுகோளின்படி தங்களைப் பற்றிய எல்லா விவரங்களும் அழிக்கப்பட்டுவிட்டன. எனவே தங்கள் புகாரை விசாரிக்க எங்களிடம் எந்த விவரமும் இல்லை. அவ்வளவுதான். முகவரி இடையில் எந்தக் கைக்கு மாறியது, எப்போது மாறியது என்று அவளுக்குச் சொல்ல ஆளில்லை. முன்பு குரலைத் தாழ்த்திப் பேசினாளே அந்தச் சின்னப் பெண், அவள் கம்பெனிக்குக்கூடக் கூப்பிட்டுப் பார்த்தாள். அப்படி யாரும் இங்கே இல்லை என்றார்கள்.

மெத்தைக்கடைக்காரர் படிக்குக் கீழே இரும்புக் கதவு ஒன்று போட ஆள் வரச் சொன்னார். ஆள் வருவதற்குள் அவன் வந்துவிட்டான்.

பள்ளி விட்டு வந்த குழந்தையோடு சின்னவள் படியேறிக்கொண்டிருந்தபோது, மேலே கதவோரமாக உட்கார்ந்திருந்தான். வீட்டுக்குப் போகலாம் என்றான். இறங்கி வந்து குழந்தையின் கையைப் பிடித்தான். குழந்தை அம்மாவின் சேலையைப் பிடித்தது. இழுத்தான். மழையில் நனைந்திருந்த இரும்பு. சின்னவள் தலைகீழாகப் படி முழுக்க உருண்டு வந்து விழுந்த சத்தம் கடைக்குள் இயந்திரம் ஓடும் சத்தத்தையும் மீறிக் கேட்டது என்று மெத்தைக்கடைக்காரர் பிறகு சொன்னார். அவர் ஓடி வந்து அவன் சட்டையைப் பிடித்தார். அவன் அவரை அடிக்கவில்லை. குழந்தையின் கையை விட்டான், சட்டையைச் சரிசெய்தான், “வழுக்கிடுச்சு. நீங்களும் பாத்தீங்கல்ல?” என்று சொல்லிவிட்டு நடந்தான்.

இடுப்பெலும்பு விரிசல். அதே தோள் மறுபடியும். முன்பல் இரண்டு. இப்போது கேஸ் எழுதினார்கள். பிடித்தார்கள். அடுத்த வாரமே ஜாமீனில் வெளியே வந்துவிட்டான். குழந்தை பேசுவதை நிறுத்திவிட்டது. பசிக்கிறதா என்றால் தலையசைக்கும், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்கு ஒரு வக்கீலம்மா வந்தார். இந்த மாதிரிப் பெண்களைத் தூர ஊருக்கு அனுப்பி வைக்கும் சங்கம் ஒன்றில் இருப்பவர். அதிகம் பேசமாட்டார். சின்னவளோடு கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். பெரியவளை வெளியே இருக்கச் சொன்னார். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது பெரியவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தான் வளர்த்த பெண் அவள். அம்மா போன பிறகு தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியது யார்?

வக்கீலம்மா போன பிறகு உள்ளே போனாள்.

“எங்க அனுப்பறாங்களாம்?”

சின்னவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். “தெரியாதுக்கா.”

“தெரியாதா, சொல்ல மாட்டியா?”

“சொல்ல மாட்டேன்.”

பல் இல்லாத இடத்தில் காற்றுப் புகுந்து அவள் பேச்சு குழந்தைப் பேச்சுப்போல இருந்தது.

“நான் யார்கிட்டடி சொல்லப்போறேன்? உசிரே போனாலும் சொல்லுவேனா?”

“நீ சொல்ல மாட்டே. உன் போன் சொல்லும். நீ எனக்கு ஒரு துணி வாங்கி அனுப்பினா அந்தக் கடை சொல்லும். நீ பஸ் ஏறி வந்தா அந்த டிக்கெட் சொல்லும். அவருக்கு என்னைத் தேட வேண்டாம்க்கா. உன்னைப் பாத்துக்கிட்டு இருந்தாலே போதும்.”

“நான் உன் அக்காடி.”

“அதனாலதான்.”

குழந்தை கட்டில் காலடியில் தூங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துச் சின்னவள் நல்ல கையை நீட்டினாள். பெரியவள் போனைக் கொடுத்தாள். சின்னவள் தன் நம்பரை அழித்தாள். பிறகு படங்களைத் திறந்தாள். கல்யாணப் படம், வாலு பிறந்த அன்று எடுத்தது, மெத்தையில் குதிக்கும் படம். ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து அழித்தாள். இந்தப் போனில் எடுக்கும் படமெல்லாம் எங்கேயோ போய்ச் சேருகிறதாம்; முகத்தை வைத்தே ஆளைப் பிடிக்கிறார்களாம்; வக்கீலம்மா சொன்னாராம்.

“ஒண்ணே ஒண்ணு விடு” என்றாள் பெரியவள்.

சின்னவள் அந்த ஒன்றையே வெகுநேரம் பார்த்தாள். அதையும் அழித்தாள். பிறகு அக்காவின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

“உன்மேல கோவம் இல்லக்கா. சத்தியமா இல்ல.”

மறுநாள் பெரியவள் போனபோது கட்டிலில் வேறொருத்தி இருந்தாள்.

அவன் சில மாதம் கடைக்கு வந்துகொண்டிருந்தான். எதையாவது சின்னதாக வாங்குவான். எங்கே என்று கேட்பான். “எனக்குத் தெரியாது” என்பாள் அவள். அவன் அவள் முகத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பான், மோதிய காரைப் பார்ப்பதுபோல. ஒருநாள் அவனுக்குப் புரிந்துவிட்டது.

“உங்ககிட்டயே சொல்லலியா அண்ணி?” என்றான். நிஜமான ஆச்சரியம் அந்தக் குரலில். “பாவம் நீங்க” என்றான். அதன் பிறகு வருவது குறைந்தது. கேஸில் அவனுக்கு அபராதம் மட்டும் விதித்தார்கள். சின்னவள் சாட்சி சொல்ல வரவில்லை, பார்த்த வேறு சாட்சியும் இல்லை, மெத்தைக்கடைக்காரர் பார்த்தது விழுந்த பிறகுதான். வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனான் என்று கேள்வி. எந்த ஊர் என்று தெரியாததுதான் பெரியவளுக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

கடையில் அவள் நம்பர் கேட்பதை நிறுத்தினாள். முதலாளி இரண்டு தடவை சத்தம் போட்டார். மூன்றாம் தடவை, கவுண்டரை விட்டு எடுத்துப் பின் அறையில் மருந்து அடுக்கும் வேலையில் போட்டார். வேலை போகவில்லை என்பதே பெரிது.

தன் பெயரை மட்டும் அவள் எங்கிருந்தும் எடுக்கவில்லை. அழித்துவிடச் சொல்லி மெத்தைக்கடைக்காரர்கூட ஒருமுறை சொன்னார். அவள் கேட்கவில்லை. இன்னும் சொல்லப்போனால், கேட்கிறவர்களுக்கெல்லாம் தன் நம்பரைக் கொடுத்தாள். வீட்டு முகவரியைத் தெரு, மாடி, கதவு எண்ணோடு போட்டு வைத்தாள். தங்கையோ வாலுவோ என்றாவது எங்கிருந்தாவது தன்னைத் தேடினால் முதல் வரியிலேயே தான் கிடைக்க வேண்டும். அவனும் தன்னை அப்படியே கண்டுபிடிக்கலாம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தாள்.

அதனால் அவள் போன் ஓயாமல் அடிக்கிறது. கடன் வேண்டுமா என்பார்கள், நிலம் வேண்டுமா என்பார்கள், பல்லைச் சீரமைக்கத் தள்ளுபடி என்பார்கள். மற்றவர்கள் பட்டென்று வைத்துவிடுவதுபோல் அவள் வைப்பதில்லை. மருந்துப் பெட்டியைக் கீழே இறக்கிவிட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, பேசுகிறவள் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் சொல்லி முடிக்கும் வரை கேட்கிறாள். “லைன்ல இருக்கீங்களா மேடம்?” என்று அந்தப் பெண்கள் கேட்கிறார்கள்.

“இருக்கேம்மா, சொல்லு” என்கிறாள் பெரியவள்.